கிட்னி எதனால் கெட்டது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, டாக்டர்?

கொங்குப் பக்கத்து விசைத்தறி ஊர் ஒன்றிலிருந்து 31 வயதுப் பெண் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு 36 வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்குடோனுக்குப் போனவர். ஐந்து மாதத்துக்கு முன்பு வளைகுடா நாட்டு வேலைக்காக மெடிக்கல் எடுக்கப் போயிருக்கிறார். பி.பி. 160/100, கிரியேட்டினின் (சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் கூடும் கழிவு) 2.6 என்று வரவே, 'அன்ஃபிட்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்க்கரை இல்லை. குடி, சிகரெட் இல்லை. சிறுநீரில் ஆல்புமின் இரண்டு பிளஸ், சிவப்பணு 15 முதல் 20. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் 9 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. கீழே 'கிரேடு 2 மெடிக்கல் ரீனல் டிசீஸ்' என்று ஒரு வரி. உள்ளூர் டாக்டர், பி.பி.யால் வந்த கோளாறு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கோவையில் பார்த்த நெஃப்ராலஜிஸ்ட், அதாவது சிறுநீரக மருத்துவர், ஊசியால் சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி செய்ய வேண்டும் என்றார்.

"பயாப்சி என்றதும் வீடே பதறிவிட்டது. ஊசி குத்தினால் இருக்கிறதும் போய்விடும் என்கிறார் என் மாமியார். அவர் எனக்குச் சொந்த அத்தைதான். 58 வயதிலும் தன் கிட்னியில் ஒன்றை மகனுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அவரால் முடியாது என்றால் நான் கொடுக்கிறேன்."

நடுவில், தெரிந்தவர் வாங்கித் தந்த சூரணமும் பஸ்பமும் மூன்று மாதம் சாப்பிட்டதில் கிரியேட்டினின் 2.3-க்கு இறங்கியிருக்கிறது. "எப்படியும் கடைசியில் கிட்னி மாற்றத்தான் வேண்டும் என்கிறார்கள். அப்படியிருக்க, எதனால் வந்தது என்று தோண்டி என்ன ஆகப்போகிறது டாக்டர்? என் சமையலில் உப்பு அதிகம், அதனால்தான் வந்தது என்று அத்தை சொல்வதை மட்டும் தாங்க முடியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த உப்பு மூட்டையை உங்கள் தலையிலிருந்து இறக்கிவிடுவோம். உப்பு கூடினால் பி.பி. ஏறும், ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்குச் சுமையும் கூடும். அதனால் இனிமேல் குறைக்கத்தான் வேண்டும், ஊறுகாய், அப்பளம், கருவாடு உட்பட. ஆனால் ஒரே சட்டியில் சாப்பிடும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் 36 வயதில் கிரியேட்டினின் 2.6 ஆனதற்கு உங்கள் சமையல் காரணமாக இருக்க முடியாது. நான் சொன்னதாகவே அத்தையிடம் சொல்லுங்கள்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. 2.3 என்ற கிரியேட்டினினை அவருடைய வயதோடு சேர்த்துக் கணக்கிட்டால் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு, ஏறக்குறைய 37 வருகிறது. ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படும் இந்த நோயில் அது 3பி நிலை. ஸ்கேனில் இருக்கும் 'கிரேடு 2' என்பது வேறு. அதைப் பார்த்து இரண்டாம் நிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கேனில் சிறுநீரகம் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதற்கு ஸ்கேன் டாக்டர் போடும் குறி அது. 'மெடிக்கல் ரீனல் டிசீஸ்' என்பதும் ஒரு நோயின் பெயர் கிடையாது. கல், அடைப்பு போல அறுவை சிகிச்சைக்குரிய கோளாறாகத் தெரியவில்லை, சிறுநீரகத்தின் சதையில் ஏதோ பழுது என்ற அளவுக்குத்தான் அதற்குப் பொருள். இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு, நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று நம்பி வருகிறவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன்.

மாற்று அறுவைக்கான ஏற்பாடுகள் பொதுவாக இ.ஜி.எஃப்.ஆர். 20-க்குப் பக்கத்தில் இறங்கும்போதுதான் தொடங்கும். உங்கள் வீட்டில் இன்றே யார் கொடுப்பது என்று பேசத் தேவையில்லை. கையில் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது எதனால் வந்தது என்று பார்ப்பதுதான். வழக்கமாகவே இது முக்கியம். உங்கள் வீட்டில் இன்னும் ஒரு படி கூடுதல் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

பி.பி. முதலில் வந்ததா, கிட்னி முதலில் கெட்டதா?

பி.பி. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. சிறுநீரகம் கெட்டாலும் பி.பி. ஏறும் என்பதும் அதே அளவு உண்மை. இரண்டையும் ஒன்றாகக் கண்டுபிடிக்கும்போது பழியைப் பி.பி. மேல் போட்டுவிடுவது சுலபமாகிவிடுகிறது. பி.பி. மட்டும் காரணம் என்றால் பெரும்பாலும் பல வருடக் கதையாக இருக்கும். ஆள் நடுவயதைத் தாண்டியிருப்பார். சிறுநீரில் புரதம் கொஞ்சமாகத்தான் போகும். ரத்த அணுக்கள் அவ்வளவாகத் தெரியாது. உங்கள் கணவருக்கோ 36 வயது, ஆல்புமின் இரண்டு பிளஸ், கூடவே சிவப்பணு. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் இருக்கும் வடிகட்டிகளில்தான் முதலில் பழுது வந்திருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும்.

இதைச் சோதிக்கச் செலவில்லாத வழியும் உண்டு. கடந்த பத்து வருடத்தில் எங்காவது ரத்த தானம் செய்திருக்கிறாரா? கம்பெனி கேம்ப், கோயில் விழாவில் வைத்த கேம்ப் என்று எங்காவது பி.பி. பார்த்திருக்கிறாரா? நான்கு வருடம் முன்பு 120/80 இருந்திருந்தால் பி.பி.தான் காரணம் என்ற வாதம் நிற்காது. கண்ணின் விழித்திரையைப் பார்த்தாலும், இதயத்துக்கு எக்கோ எடுத்தாலும், பி.பி. எத்தனை நாளாகக் கூடியிருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நம் நாட்டுச் சிறுநீரக நோயாளிகள் பதிவேட்டிலிருந்து 2012-ல் வெளியான கணக்கில், 31 சதவீதம் பேருக்குச் சர்க்கரை காரணம். 16 சதவீதம் பேருக்குக் காரணம் தெரியவில்லை என்று இருந்தது. அந்த 16-ல் எத்தனை பேருக்குத் தேடியும் கிடைக்கவில்லை, எத்தனை பேருக்கு யாரும் தேடவே இல்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தல்தான். பலர் வரும்போதே சிறுநீரகம் சுருங்கி 7 செ.மீ. ஆகியிருக்கும், அப்புறம் பயாப்சி செய்தாலும் வெறும் தழும்புதான் தெரியும். உங்கள் கணவர் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை.

இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கமும், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் ஊர் ஊராகப் பரவியிருப்பதைப் படித்துவிட்டு, தண்ணீரால் இருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் வெயிலில் உழைக்கும் விவசாயிகளிடம் காணப்படும் நோய் அது. அதில் சிறுநீரில் புரதம் குறைவாகத்தான் போகும், ரத்த அணு அபூர்வம், பி.பி.யும் கடைசியில்தான் ஏறும். உங்கள் கணவரின் ரிப்போர்ட் அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

அது, ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரக வடிகட்டிகளில் படிந்து கெடுக்கும் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற நோய்க்கு நன்றாகப் பொருந்துகிறது. இந்த வயதில் இதே மாதிரி ரிப்போர்ட்டோடு வருகிறவர்களில் நாங்கள் முதலில் நினைப்பது அதைத்தான். கோவை டாக்டரும் அதை மனதில் வைத்துத்தான் பயாப்சி கேட்டிருப்பார். அவர் சொன்னது நியாயமே. ஆனால் அவரிடம் சொல்லாத இரண்டு விஷயங்களை எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்

இரண்டாம் பக்கத்தில், "தறிச் சத்தத்தில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், டி.வி.யை அலறவிடுவார்" என்று ஒரு வரி. மூன்றாம் பக்கத்தில், உங்கள் பயத்தைச் சொல்லும்போது, "என் அப்பாவும் 41 வயதில் உடம்பெல்லாம் வீங்கித்தான் இறந்தார். கிட்னி என்று சொன்னார்கள். அவருக்கும் காது கேட்காது, நான் கத்திக் கத்தித்தான் பேசுவேன்" என்று இன்னொரு வரி. அப்பா தோட்டம் பார்த்தவர் என்கிறீர்கள். அவர் தறிச் சத்தத்தில் நின்றவர் இல்லை.

உங்கள் அப்பா என்றால் உங்கள் கணவருக்குத் தாய்மாமன். தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் இளம் வயதிலேயே சிறுநீரகக் கோளாறு, இரண்டு பேருக்கும் காது மந்தம். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆல்போர்ட் நோய் என்று ஒன்று இருக்கிறது. லண்டனில் பணியாற்றிய ஆர்தர் செசில் ஆல்போர்ட் என்ற மருத்துவர் 1927-ல், ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரில் ரத்தமும் காது மந்தமும் சேர்ந்து வருவதை எழுதினார். ஆண்கள் சின்ன வயதில் இறந்துபோக, பெண்கள் முதுமை வரை இருந்ததையும் அவர் கவனித்தார். காரணம் பிறகுதான் தெரிந்தது. சிறுநீரக வடிகட்டியின் சவ்வை நெய்யும் ஒருவகை கொலாஜன் புரதம் இவர்களுக்குச் சரியாக உருவாவதில்லை. உங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், பாவு நூலே தரமில்லாமல் வந்துவிடுகிறது; துணி கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் இழை விட்டுப்போகும். அதே புரதம் உட்காதிலும் கண் லென்ஸின் உறையிலும் இருப்பதால் அங்கேயும் பழுது தெரியும்.

பெரும்பாலான குடும்பங்களில் இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு; ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகொடுக்கும். ஆணுக்கு இருப்பது ஒன்றே, அது தாயிடமிருந்து வருவது. அதனால்தான் தாய்மாமனைப் பற்றி விசாரிக்காமல் நாங்கள் விடுவதில்லை. உங்கள் பாட்டியிடம் பழுதான எக்ஸ் ஒன்று இருந்து, அது மகனான உங்கள் அப்பாவுக்கும், மகளான அத்தைக்கும் வந்து, அத்தை வழியாக உங்கள் கணவருக்கு வந்திருக்கலாம்.

இனி எழுதப்போவதை எழுத்தில் சொல்வதா, நேரில் ஒரு டாக்டர் சொல்லட்டும் என்று விடுவதா என்று ஒரு நாள் யோசித்தேன். கிட்னி கொடுக்க நீங்களே முன்வந்திருப்பதால் எழுதிவிடுகிறேன். அப்பாவிடம் இருக்கும் ஒரே எக்ஸ் மகளுக்கு வந்தே தீரும். ஆகவே உங்கள் அப்பாவுக்கு இந்த நோய் இருந்திருந்தால், உங்களிடமும் அந்தப் பழுது ஒரு பங்கு இருக்கிறது. உங்கள் மகனுக்கு எக்ஸ் உங்களிடமிருந்துதான். அவனுக்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. மகளுக்கு அவள் அப்பாவின் எக்ஸ் கட்டாயம் வந்திருக்கும். உங்களிடமிருந்தும் பழுதானதே வந்திருந்தால், பையன்களைப் போலவே அவளையும் நோய் கடுமையாகத் தாக்கும். மகள் விஷயத்தில் மட்டும், சொந்தத்தில் முடித்த கல்யாணத்தால் வந்த சிக்கல் இது.

'இருந்தால்', 'இருந்திருந்தால்' என்றே எழுதிக்கொண்டு வருகிறேன், கவனியுங்கள். உங்கள் அப்பாவுக்கு வேறு நோய் இருந்திருக்கலாம். உங்கள் கணவரின் காதைத் தறியே கெடுத்திருக்கலாம். தறிக்குடோனில் இருபது வருடம் நின்றால் அது நடக்கும். என்னிடம் இருப்பது சந்தேகம் மட்டும்தான். ஆனால் சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாத சந்தேகம்.

ஊசிக்கு முன்னால்

அதிகச் செலவில்லாத சில சோதனைகளை முதலில் முடித்துவிடலாம்.

முதலாவது, வீட்டில் எல்லோருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. கணவர், நீங்கள், அத்தை, இரண்டு பிள்ளைகள், கொழுந்தனார். மாதவிடாய் நாட்களை விட்டுவிட்டுக் கொடுங்கள். வெறும் பட்டையை நனைத்துப் பார்ப்பதோடு விடாமல், நுண்ணோக்கியில் சிவப்பணு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ் வழி ஆல்போர்ட் பழுதைச் சுமக்கும் பெண்களில் அநேகமாக எல்லோருக்குமே கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுநீரில் ரத்தம் இருக்கும். உங்களுக்கும் அத்தைக்கும் பலமுறை பார்த்தும் சுத்தமாக இருந்தால் என் சந்தேகம் பாதிக்கு மேல் கரைந்துவிடும்.

இரண்டாவது, கணவருக்கு ஆடியோகிராம், அதாவது காது கேட்கும் திறனை வரைகோடாகக் காட்டும் சோதனை. சத்தத்தால் கெட்ட காதில், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் வரைகோடு குழி விழுந்து மீண்டும் மேலே வரும். ஆல்போர்ட்டில் அப்படி மேலே வராமல் சரிந்துகொண்டே போவது வழக்கம். எப்போதும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரியாது என்றாலும், தறிச் சத்தம் என்று நாமே முடிவு கட்டுவதைவிட இது மேல்.

மூன்றாவது, கண் டாக்டரிடம் ஸ்லிட் லாம்ப் பரிசோதனை, அதாவது கண்ணை ஒளி பாய்ச்சிப் பெரிதாக்கிப் பார்ப்பது. லென்ஸ் முன்பக்கம் கூம்பு மாதிரி பிதுங்கியிருந்தால், அது ஆல்போர்ட் என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லிவிடலாம். கண்ணாடியின் பவரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இவை சந்தேகத்தைக் கூட்டினால், அடுத்தது ரத்தத்தில் மரபணுச் சோதனை. பயாப்சிக்குப் பதிலாகவே அதைச் செய்யலாம். எக்ஸ் வழியில் வந்ததா, வேறு வழியிலா என்பதையும் அதுதான் சொல்லும். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கணவருக்கு மட்டும் முழுதாகச் செய்து பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 3,315 சிறுநீரக நோயாளிகளுக்கு மரபணு பார்த்தார்கள். நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல் காரணம் மரபணுவில் கிடைத்தது. அதுவரை காரணம் தெரியாது என்று எழுதப்பட்டவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்குப் பதினேழு பேர். கிடைத்ததில் பெரும்பங்கு இரண்டே வகை: நீர்க்கட்டிச் சிறுநீரகம், ஆல்போர்ட் குடும்பத்து மரபணுக்கள்.

பயாப்சி செய்தால் இருக்கிறதும் போய்விடுமா?

மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றும் தேறவில்லை என்றால் கோவை டாக்டர் சொன்னபடி பயாப்சிக்குப் போவதுதான் சரி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. ஊசி எடுப்பது பென்சில் முனையைவிட மெல்லிய, ஒன்றிரண்டு செ.மீ. நீளமுள்ள நூல் போன்ற இரண்டு துண்டு. அதில் இருப்பது இருபது முப்பது வடிகட்டிகள். அதனால் சிறுநீரகம் குறைந்துபோவதில்லை. குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். 1951-ல் டென்மார்க்கில் இருவர் முதன்முதலாக இதைப் பெரிய அளவில் செய்து எழுதியபோது ஸ்கேன் கிடையாது; நோயாளியை உட்கார வைத்துக் குத்தினார்கள். உங்கள் அத்தைக்கு இருக்கும் பயம் அந்தக் காலத்து நோயாளிகளுக்கு இருந்திருந்தால் நியாயம்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். உண்மையான ஆபத்து ரத்தக் கசிவு. நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகலாம்; பெரும்பாலும் தானே நின்றுவிடும். ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போவது நூற்றுக்கு ஒன்றிரண்டு. கசியும் ரத்தக்குழாயை உள்ளே கம்பி விட்டு அடைக்க வேண்டி வருவது ஆயிரத்தில் மூன்று பேருக்கு. உயிருக்கு ஆபத்து என்பது அதிலும் மிக அபூர்வம். பி.பி.யை 140/90-க்குக் கீழே கொண்டுவராமல் செய்தால் கசிவு கூடும். அதனால் தேதி குறிப்பதற்கு முன்பு பி.பி. அடங்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, வலி மாத்திரை எதுவும் எடுத்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று இரவு ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது, பீம் மாற்றுகிற வேலையெல்லாம் வேண்டாம். சிறுநீரகப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: எடுக்கும் துண்டுக்கு இம்யூனோஃப்ளூரசன்ஸ் (படிந்திருக்கும் புரதங்களை ஒளிரவைத்துப் பார்க்கும்) பரிசோதனையும் உண்டா என்று. ஐ.ஜி.ஏ. படிந்திருப்பதை அதில்தான் பார்க்க முடியும். 1968-ல் பாரிஸில் ஐ.ஜி.ஏ. நோயை அடையாளம் கண்டதே அந்த முறையால்தான். அது இல்லாமல் வெறும் சாதாரண நுண்ணோக்கி ரிப்போர்ட் வாங்கினால், குத்து வாங்கியதுதான் மிச்சம். ஆல்போர்ட்டின் இழை விட்ட சவ்வைப் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அது சில பெரிய மையங்களில்தான் இருக்கிறது. துண்டை அங்கே அனுப்ப முடியுமா என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சு, யார் கொடுப்பது

கடைசியில் கிட்னி மாற்றத்தான் வேண்டும், அதனால் காரணம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். மாற்றுவதற்காகவே காரணம் தெரிய வேண்டும் என்பது என் பதில். சில நோய்கள் புதிய சிறுநீரகத்துக்கும் வந்து தொற்றிக்கொள்ளும். பிறவியிலேயே ஆக்ஸலேட் என்ற கழிவுப் பொருள் கூடுதலாகச் சுரக்கும் நோய் ஒன்றில், சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் புதியதும் ஆக்ஸலேட் படிந்து கெட்டுவிடும். ஐ.ஜி.ஏ.வும் திரும்ப வரலாம், ஆனால் பெரும்பாலும் மெதுவாக. ஆல்போர்ட் அப்படித் திரும்பாது. மற்றவர் சிறுநீரகத்தில் நூல் நன்றாக இருக்கும். நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு மட்டும் அந்தப் புதிய புரதத்தை உடம்பு எதிர்க்கும். மற்றபடி மாற்று அறுவை நன்றாகப் பலன் தரும் நோய்களில் இது ஒன்று.

ஆனால் ஆல்போர்ட் என்றால் கொடுக்க முன்வந்திருக்கும் இரண்டு பேரும், அதாவது அத்தையும் நீங்களும், கொடுக்கக் கூடாதவர்கள் பட்டியலில் வந்துவிடுகிறீர்கள். பழுதைச் சுமக்கும் பெண்களிலும் கணிசமானவர்களுக்கு வயது ஏற ஏறச் சிறுநீரகம் கெடுகிறது. இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் மீதி ஒன்று எத்தனை நாள் தாங்கும்? வேறு ஓர் ஊரில், தம்பிக்குக் கொடுக்க வந்த அக்காவைப் பரிசோதிக்கும்போதுதான் அவர் சிறுநீரில் ரத்தம் இருப்பது தெரிந்து, பத்து வருடமாகப் 'பி.பி. கிட்னி' என்று சொல்லப்பட்ட தம்பிக்கு ஆல்போர்ட் என்று தெரியவந்ததை நான் பார்த்திருக்கிறேன். அக்கா தப்பித்தார்.

உங்கள் நான்கு பக்கத்தில் மாமனாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த நாட்டில் உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாயும் மனைவியும் இருக்கும் வீட்டில் ஆண்களை யாரும் கேட்பதே இல்லை. எக்ஸ் வழி நோய் என்றால் இது தாய்வழியில் வந்தது. மாமனாருக்கு அதில் பங்கில்லை. அவருக்கு வயதும் உடம்பும் ரத்த வகையும் ஒத்துவந்தால் அவர் கொடுக்கலாம். கொழுந்தனாருக்குச் சோதனையில் பழுது இல்லை என்றால் அவரும் கொடுக்கலாம். 1994-ம் வருட உறுப்பு மாற்றுச் சட்டப்படி இவர்கள் இருவரும் நெருங்கிய உறவினர்கள்தான். இவை எதுவும் அமையாவிட்டால், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் ஆஸ்பத்திரி மூலம் பதிவு செய்துகொள்ளலாம். காத்திருக்கும் காலம் நீளமானது என்பதால் உரிய கட்டம் வந்ததும் தாமதிக்காமல் பதிய வேண்டும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் பிள்ளைகள். மகனுக்கு 5 வயது, மகளுக்கு 9 என்கிறீர்கள். ஆல்போர்ட்டை வேரோடு நீக்கும் மருந்து இன்று இல்லை. ஸ்டீராய்டு இதில் பலன் தராது. ஆனால் ராமிப்ரில் வகை மாத்திரைகள் நோயை நன்றாகவே தள்ளிப்போடுகின்றன. ஐரோப்பியப் பதிவேடு ஒன்றிலிருந்து 2012-ல் வந்த கணக்கு இது: மருந்தே எடுக்காதவர்களுக்கு டயாலிசிஸ் 22 வயதில்; சிறுநீரகம் கெட்ட பிறகு தொடங்கியவர்களுக்கு 25-ல்; புரதம் கசியத் தொடங்கியதுமே தொடங்கியவர்களுக்கு 40-ல். எல்லாம் நடுத்தரக் கணக்கு; ஒவ்வொருவருக்கும் மாறும். ஆனாலும் அந்த 18 வருட வித்தியாசத்தைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு எப்போது தொடங்குவது என்பதைக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பஸ்பம் பற்றி

2.6 என்பது ஒரு லேபில் எடுத்தது, 2.3 வேறொரு லேபில். அசைவத்தை நிறுத்தி, தண்ணீர் குடித்து, பி.பி.யும் அடங்கியிருந்தால் இந்த 0.3 தானாகவே இறங்கும். பஸ்பத்துக்கு அந்தப் பெருமை வேண்டாம். சில பஸ்பங்களில் பாதரசம் இருக்கும்; பாதரசம் கலந்த மருந்துகள் சிறுநீரக வடிகட்டியைக் கெடுத்துப் புரதம் கொட்ட வைப்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் கண்டு 2022-ல் எழுதியிருக்கிறார்கள். கேரளத்தில் முகம் வெளுக்கும் கிரீம்களாலும் அதே நோய் வந்திருக்கிறது. உங்கள் கணவருக்கு நோய் பஸ்பத்துக்கு முன்பே இருந்தது, அதனால் அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. இருக்கிற பழுதோடு இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். இன்றே நிறுத்திவிட்டு, மீதிப் பொட்டலத்தை டாக்டரிடம் காட்டுங்கள். முதுகு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைக்கும் இதுவே பதில்.

காரணம் தெரியும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. எந்த நோயாக இருந்தாலும் பி.பி.யை அடக்குவதும், புரதக் கசிவைக் குறைக்க டெல்மிசார்ட்டான் அல்லது ராமிப்ரில் எடுப்பதும் இப்போதே தொடங்க வேண்டியவை. தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறினால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். 30 சதவீதம் வரை ஏறுவதை நாங்கள் எதிர்பார்ப்போம். டபாக்ளிஃப்ளோசின் எழுதிக் கொடுத்தால், சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை மாத்திரையா என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். சிறுநீரகத்துக்காகவும் அது கொடுக்கப்படுகிறது.

இன்னும் ஒன்று. ரிசல்ட் நான் நினைத்தபடியே வந்தால், உப்புக்காகப் பட்ட பேச்சுக்குப் பதிலாக "உங்க வழியில்தான் வந்தது" என்று அத்தையைப் பார்த்துச் சொல்லத் தோன்றும். சொல்லிவிடாதீர்கள். அவருக்கு அது அவர் அம்மாவிடமிருந்து வந்தது. அண்ணனையும் அதற்கே பறிகொடுத்திருப்பார். ஒரு வேளை அவருடைய சிறுநீரிலும் ரத்தம் இருந்தால், இத்தனை நாள் யாரும் பார்க்காத நோயாளி அவர்தான்.

அடுத்த முறை கோவைக்குப் போகும்போது குடும்பத்தை ஒரு தாளில் வரைந்து கொண்டுபோங்கள்: பாட்டி, அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், யாருக்குக் காது மந்தம், யார் எத்தனை வயதில் எதனால் இறந்தார்கள். பாட்டியின் அண்ணன் தம்பிகள் பற்றி ஊரில் பெரியவர்களிடம் விசாரியுங்கள். அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகள் பெட்டியில் எங்காவது இருந்தால், பாதி கிழிந்திருந்தாலும், எடுத்து வையுங்கள்.